இல்லிருப்பும் இற்செறிப்பும்: கோடை விடுமுறையின் வீட்டு விளையாட்டுகள்

ஏப்ரல் மாதத்தில் ஆண்டுத் தேர்வுகள் முடிந்த மறுநாளே, குழந்தைகள் உள்ள வீடுகளில் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. பள்ளி திறக்கும் வரையிலான இத்தனை நாட்களையும் இப்பிள்ளைகள் எவ்வாறு கழிக்கப் போகிறார்கள்? மலைவாசத்தலம் செல்ல எல்லோருக்கும் பொருளும் விடுப்பும் வாய்ப்பதில்லை. கோடை முகாம்களில் பெரும்பாலானவை பள்ளியின் மறுவடிவமாகவே இருக்கின்றன. எஞ்சுவது வீடு. வீட்டிலேயே விடுமுறையை மகிழ்ச்சியாகக் கழிக்க வழி சொல்லும் ஆலோசனைப் பட்டியல்களை வார இதழ்களில் ஆண்டுதோறும் காண்கிறோம். அவற்றைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. எனினும், வீட்டில் கழியும் கோடைக்குத் தமிழ்நாட்டில் ஒரு நெடிய வரலாறு உண்டு. அதைச் சற்றே திரும்பிப் பார்த்தால், எதை விளையாடுவது என்பதைக் காட்டிலும் யாரோடு, எந்த நிலையில் விளையாடுவது என்பதே முதன்மையான கேள்வி என்பது விளங்கும்.

விடுமுறை வந்த வழி

நீண்ட கோடை விடுமுறை என்பதே நம்மிடம் பழையதன்று. திண்ணைப் பள்ளிகள் நிலவைப் பார்த்து விடுமுறை விட்டன. அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த பிரதமை, அட்டமி ஆகியவையே ஓய்வு நாட்கள். இவ்விடுமுறைக்கு 'வாவு' என்று பெயர். முழுமதியையும் மறைமதியையும் குறிக்கும் 'உவா' என்ற பழஞ்சொல்லே பேச்சுவழக்கில் இவ்வாறு திரிந்தது. உ.வே. சாமிநாதையர் (1855–1942) 'என் சரித்திரம்' நூலில் தம் பள்ளிப் பருவத்தை விவரிக்கும் பகுதி, இந்த உலகத்தை நமக்கு நன்கு காட்டுகிறது.

வெயிலுக்கென்று ஒன்றரை மாதம் பள்ளியை மூடும் வழக்கம், ஐரோப்பிய முறைக் கல்வி நிலையங்களோடு நிலைபெற்றது. ஆட்சியாளர்களுக்கு இம்மண்ணின் வெயில் தாங்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசே கோடையில் உதகமண்டலத்துக்கு இடம்பெயர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றம் மே மாதத்தில் கோடை விடுமுறை விடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஆள்வோர் மலையேறினர், மற்றோர் சமவெளியில் வெயிலோடு தங்கினர். 'விடுமுறை என்றால் பயணம்' என்ற எண்ணத்தின் வேர்களுள் ஒன்று இங்கிருக்கிறது.

பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்கோ கோடைப் பயணம் என்பது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் செல்வதுதான். அதாவது, தாத்தா பாட்டி ஊருக்குப் போவது. காவிரிப் படுகையில் இதற்கு வேளாண்மை சார்ந்த வசதியும் இருந்தது. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்துவிடும். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின், பாசனத்துக்கு நீர் திறக்கும் நாளாக ஜூன் 12 வழக்கில் நிலைத்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சித்திரையிலும் வைகாசியிலும் வயல் காய்ந்து கிடக்கும். வீட்டில் பெரியவர்களுக்கு ஓரளவு ஓய்வு இருக்கும். பிள்ளைகளுக்கு விடுமுறை, பெரியவர்களுக்கு வேலை குறைவு, வெளியே கத்திரி வெயில். இம்மூன்றும் ஒருங்கே கூடியபோது, காலை பதினொரு மணி முதல் மாலை நான்கு மணி வரை திண்ணையும் ரேழியும் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரமும் ஆடுகளங்களாயின. நாம் இன்று 'பாரம்பரிய விளையாட்டுகள்' என்று பெயரிட்டுப் போற்றுபவற்றுள் பல, இந்த ஐந்து மணி நேரத்தில் வளர்ந்தவை.

நற்றிணை சொல்லும் நீதி

விளையாட்டுகள் விடுமுறையைவிடப் பழையவை. பட்டினப்பாலையில் சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்று கால் சிறுதேரை உருட்டுகிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில், உயர்ந்த மாடத்தில் பந்தாடிக் களைத்த மகளிர், பின்னர் மெல்ல மணலில் அமர்ந்து பொற்கழங்கு ஆடுகிறார்கள். ஓடியாடும் ஆட்டத்துக்குப் பின் உட்கார்ந்து ஆடும் ஆட்டம் என்ற இந்த வரிசையை எந்தத் தாயும் அறிவாள். கீழடி அகழாய்வில் சுடுமண் வட்டுச் சில்லுகளும் பகடைக் காய்களும் கிடைத்துள்ளன. ஆகவே இலக்கியம் சொல்வது வெறும் கற்பனையன்று. பிள்ளைத்தமிழ் இலக்கியம் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று ஆண்பாலுக்கும், அம்மானை, நீராடல், ஊசல் என்று பெண்பாலுக்கும் விளையாட்டுகளைப் பருவங்களாகவே வகுத்து வைத்தது. இப்பகுப்பிலும் ஒரு செய்தி இருக்கிறது. சிற்றில் பருவத்தில் சிறுமியர் மணல்வீடு கட்டுகிறார்கள். பாட்டுடைத் தலைவனாகிய ஆண்குழந்தையிடம் அதைச் சிதைக்காதே என்று வேண்டுகிறார்கள். கட்டுவது ஒருவர் விளையாட்டு. கலைப்பது மற்றவர் விளையாட்டு.

இவ்வரலாற்றில் நமக்கு மிக முக்கியமாகப் படுவது நற்றிணையின் 68ஆம் பாடல். பிரான் சாத்தனார் பாடியது. தலைவி வீட்டுக்குள் அடைக்கப்பட்டிருக்கிறாள். அகப்பொருள் மரபு இதை 'இற்செறிப்பு' என்கிறது. தோழி பேசுகிறாள்: தோழியர் கூட்டத்தோடு ஓரை விளையாடாமல் இளையோர் வீட்டுக்குள் செறிந்து கிடப்பது அறமும் அன்று, அதனால் செல்வமும் தேய்ந்துவிடும் என்று அன்னையிடம் பணிவாக எடுத்துச் சொல்வார் யாரேனும் இருந்தால், நாமும் புதுவெள்ளத்தில் ஆடி மகிழலாமே என்கிறாள். தலைவன் கேட்கவேண்டும் என்ற களவு நோக்கம் அவளுக்கு இருக்கலாம். ஆனால் அவள் துணைக்கு அழைக்கும் வாதம் பொதுவானது. இளையோரின் விளையாட்டு அங்கே அறத்தோடும் வீட்டின் ஆக்கத்தோடும் சேர்த்து எண்ணப்படுகிறது. வகுப்பில் இப்பாடலை நடத்தும்போதெல்லாம், பின்வரிசை மாணவியரும் ஒரு கணம் நிமிர்ந்து அமர்வதை நாம் கண்டிருக்கிறோம்.

இப்பாடல் நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. வீட்டில் இருத்தல் வேறு, வீட்டில் செறிக்கப்படுதல் வேறு. இரண்டையும் பிரிப்பது 'ஆயம்', அதாவது உடன் விளையாடும் கூட்டம். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் வீட்டு விளையாட்டுகள் சிலவற்றைப் பார்க்கலாம்.

குழியும் கட்டமும்

பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து காய் என்றால் 70 காய்கள்; ஆறு என்றால் 84. ஒரு குழியின் காய்களை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்ல வேண்டும். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதைத் தடவிவிட்டு அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். ஆட்டத்தின் இடையில் ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது 'பசு', குழிக்குரியவருக்குச் சேரும். அடுத்த சுற்றில் அவரவர் ஈட்டியதைக் கொண்டே அவரவர் குழியை நிரப்ப வேண்டும். நிரப்ப இயலாதவருக்குக் குழிகள் குறையும். பேராசிரியர் தொ. பரமசிவன் (1950–2020) இவ்வாட்டத்தைக் குறித்து எழுதிய கட்டுரை, இலக்கிய வாசகர்கள் பலர் அறிந்ததே. சமமாகத் தொடங்கிச் சமமின்மையில் முடியும் இவ்விளையாட்டில், தனிச்சொத்துரிமை தோன்றிய வரலாற்றின் சுவட்டை அவர் கண்டார். எட்டு வயதுக் குழந்தைக்கு இச்சொற்கள் தேவையில்லை. மூன்றாவது சுற்றில் குழி நிரப்பக் காயில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது, அக்குழந்தைக்கு அது தானே புரிந்துவிடும்.

பல்லாங்குழிக்கு இன்னொரு முகமும் உண்டு. இது பெரிதும் பெண்களின் ஆட்டம். பூப்பெய்திய பெண் தனித்து உட்காரவைக்கப்பட்ட நாட்களிலும், கருவுற்ற பெண் வெளியே செல்லாத மாதங்களிலும் ஆடப்பட்டது. ஒருவரே ஆடும் வகைக்குச் 'சீதைப்பாண்டி' என்று பெயர். அசோக வனத்தில் சீதை தனியே ஆடியது என்பது வழக்கு. பெயரே சொல்லிவிடுகிறது, இது சிறையிருந்தவளின் ஆட்டம் என்று. நாம் இன்று குழந்தைகளின் மகிழ்ச்சிக்காக மீட்டெடுக்க விரும்பும் விளையாட்டுகளுள் சில, அடைக்கப்பட்டவர்கள் தம் நேரத்தைக் கடக்கக் கண்டுபிடித்தவை. இதை மறந்துவிட்டுப் பழமையைப் புகழ்வது நேர்மையாகாது.

தாயம் அவ்வாறன்று; ஆணும் பெண்ணும் முதியவரும் சிறுவரும் சேர்ந்து அமரும் ஆட்டம். தரையில் சுண்ணக்கட்டியால் கட்டம் வரைந்தால் போதும். இரண்டு நாற்பக்கத் தாயக்கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் ஒரு வெற்றுப் பக்கமும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. 'தாயம்' எனப்படும் ஒன்று விழுந்தால்தான் காய் களத்தில் இறங்கும். இரு கட்டைகளும் விழக்கூடிய வகைகள் மொத்தம் பதினாறு. அவற்றுள் இரண்டில்தான் தாயம் விழும். மூன்றுக்கு நான்கு வகை உண்டு. ஆறுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று. ஆகவே எட்டு வீச்சுக்கு ஒருமுறை தாயம் எதிர்பார்க்கலாம். ஆனால் வாராமலே போகவும் கூடும். பெற்றோர் விரும்பினால் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, நூறு வீச்சுகளைக் குறித்துவரச் சொல்லலாம். நிகழ்தகவு என்ற பாடத்தைப் பள்ளி கற்பிக்கும் முன்பே அவர்கள் கண்ணால் கண்டுவிடுவார்கள். பாட்டி தன் காயைப் பேரன் வெட்டும்போது சினப்பதும், பழம் எடுத்தவுடன் சிரிப்பதும் அத்தாளில் வராத பாடங்கள்.

ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகளைப் பழைய கோயில் மண்டபங்களின் கல்தரையில் இன்றும் காணலாம். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள், கோடுகள் சந்திக்கும் இருபத்து மூன்று புள்ளிகள். புலி, ஆட்டைத் தாண்டி அதை வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை. சூழ்ந்து நின்று புலியை நகரவிடாமல் அடைப்பதே அதன் வெற்றி. சதுரங்கம்போல் இருபுறமும் ஒத்த படை இங்கே இல்லை. வலியவர் சிலர், எளியவர் பலர். எளியவர் ஒருவரையொருவர் விட்டுப் பிரியாமல் நின்றால் வெல்லலாம். அண்ணன் ஒருமுறை புலியாகவும் தங்கை ஒருமுறை புலியாகவும் மாறி மாறி ஆடினால், இருவருக்கும் இரண்டு நிலைகளும் விளங்கும்.

மொட்டைமாடியும் பனைமரமும்

கோடை சமையலறைக்கு ஓய்வளித்ததில்லை. ஆண்டு முழுமைக்குமான வடாமும் வற்றலும் வெயில் காய்ந்த நாட்களில்தான் இடப்பட்டன. அதிகாலையில் கூழ் காய்ச்சி, வெயில் ஏறுமுன் மொட்டைமாடியில் வேட்டி விரித்துப் பிழிவார்கள். காக்கை விரட்டுவது பிள்ளைகளின் பணி. பாதி காய்ந்த வடாமைக் காக்கையைவிட அதிகம் தின்றது யார் என்பது எல்லா வீடுகளும் அறிந்த செய்தி. புளி கொட்டையெடுப்பதும் இப்பருவத்து வேலையே. அக்கொட்டைகள்தாம் பல்லாங்குழிக்குக் காயாயின. ஒருபக்கம் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கினால், தாயம் உருட்டவும் அவையே உதவின. வேலையிலிருந்து விளையாட்டுப் பொருள் பிறந்தது. கடைக்குப் போகத் தேவையிருக்கவில்லை. தென்மாவட்டங்களில் நுங்கு தின்ற பின் எஞ்சிய இரு கூடுகளையும் ஒரு குச்சியால் இணைத்து, கவைக்கம்பால் தள்ளினால் வண்டி. பனையோலையை மடித்து முள் குத்தினால் காற்றாடி.

ஆனால் இந்த மகிழ்ச்சி எல்லா வீடுகளுக்கும் சமமாகக் கிடைத்ததன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். நுங்கு வண்டி ஓட்டிய பிள்ளைக்கும், பனையேறும் தந்தைக்குத் துணையாகப் பதநீர் சுமந்த பிள்ளைக்கும் ஒரே பனைதான், ஒரே கோடையன்று. கூலிக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு விடுமுறை என்பது கூடுதல் வேலை நாட்களாக இருந்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கி, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவடைந்த மதிய உணவுத் திட்டத்தை நம்பிப் பள்ளி வந்த பிள்ளைகளுக்கு, பள்ளிக் கதவு மூடினால் அந்த ஒருவேளைச் சோறும் ஐயத்துக்குரியதாயிற்று. திண்ணை உள்ள வீடும், திண்ணையில் ஏற அனுமதிக்கப்படாத குழந்தையும் ஒரே ஊரில்தான் இருந்தன. அண்ணன் வெளியே ஓட, தங்கை அடுப்படியில் நின்ற வீடுகளும் பல. நற்றிணைத் தோழி கேட்ட நீதி, நம் பழைய கோடைகளிலும் முழுமையாகக் கிடைத்துவிடவில்லை.

அச்சும் கையெழுத்தும்

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோடையின் நண்பகலுக்கு ஒரு புதிய துணை வந்தது. 1947 ஜூலையில் 'அம்புலிமாமா' தோன்றியது. 1950இல் அழ. வள்ளியப்பா போன்றோரின் முயற்சியில் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைந்தது. 1972இல் 'கோகுல'மும் முத்து காமிக்ஸும் வந்தன. 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பயனாக ஊர்தோறும் கிளை நூலகங்கள் பரவின. எழுத்தறிந்த பேத்தி, எழுத்தறியாத பாட்டிக்குப் படித்துக் காட்டும் காட்சி தமிழ் வீடுகளில் முதன்முறையாகப் பரவலாயிற்று. இரவில் பாட்டி கதை சொன்னாள். பகலில் பேத்தி கதை படித்தாள். கதையின் திசை இருவழிப்பட்டது.

இதனினும் நாம் வியப்பது கையெழுத்துப் பத்திரிகைகளை. நான்கைந்து பிள்ளைகள் சேர்ந்து, நோட்டுத் தாள்களை நூலால் தைத்து, அட்டைப்படம் வரைந்து, தொடர்கதை எழுதி, தெருவில் வீடு வீடாகச் சுற்றுக்கு விட்டார்கள். பெரும்பாலும் இரண்டாவது இதழோடு நின்றுபோகும். காரணம் பள்ளி திறந்திருக்கும், அல்லது ஆசிரியர் பதவிக்குச் சண்டை வந்திருக்கும். தமிழில் பின்னாளில் எழுத வந்தோர் பலருக்கு இதுவே முதல் களம். ஒரு கோடையில் குழந்தைகளுக்கு அளிக்கத்தக்க விளையாட்டுகளுள் இதற்கு நிகரானது குறைவு. செலவு மிகச் சிறிது; ஆயமோ தானே கூடிவிடும்.

இன்றைய வீடு

2020 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, நம் காலத்தின் பேரளவிலான இற்செறிப்பைக் கண்டோம். அடுத்தடுத்து இரண்டு கோடைகளில் பிள்ளைகள் அடுக்ககங்களின் இரண்டு அறைகளுக்குள் அடைபட்டார்கள். பரணிலிருந்து தாயக்கட்டை இறங்கியது. பல்லாங்குழிப் பலகையின் தூசி துடைக்கப்பட்டது. ஆனால் அயல்வீட்டுக் குழந்தை வர இயலாது. ஆயம் இல்லாத ஆட்டம் சில வாரங்களில் சலித்தது. வீடு நிறையப் பொருள் இருந்தும் பிள்ளைகள் வாடியதற்குக் காரணம் விளையாட்டுக் கருவியின் குறைவன்று.

ஆகவே இக்கோடையில் வீட்டிலேயே தங்கவிருக்கும் குடும்பங்களுக்கு வரலாறு சொல்லக்கூடியது மிகச் சில. பெரியவர் ஒருவர் கைப்பேசியை வைத்துவிட்டுத் தரையில் அமர வேண்டும். மேற்பார்வையாளராக அல்லாமல், தோற்கவும் கூடிய ஓர் ஆட்டக்காரராக. கதவு திறந்திருக்க வேண்டும். அயல்வீட்டுப் பிள்ளையும், வீட்டு வேலைக்கு வருபவரின் பிள்ளையும் அதே பாயில் உட்கார வேண்டும். வடாம் பிழிய மகனும், நுங்கு வண்டி ஓட்ட மகளும் அழைக்கப்பட வேண்டும். பழைய கோடைகள் செய்யத் தவறியதை நாம் செய்ய இயலும்.

இன்னொன்றும் உண்டு. பல்லாங்குழியின் விதிகள் ஊருக்கு ஊர் வேறு. பசுவுக்கு உரியவர் யார், வெறுங்குழியைத் தடவியபின் எத்தனை குழி அள்ளலாம், தாயத்தில் எவ்வெண்ணுக்கு மறுவீச்சு என்பனவெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். இவற்றுள் பெரும்பகுதி எழுதப்படாமல், எழுபது வயதைக் கடந்த பெண்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. பிள்ளைகள் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, பாட்டிமார்களிடமும் தெருவில் உள்ள மூத்தோரிடமும் ஆட்ட விதிகளைக் கேட்டு எழுதச் சொல்லலாம். எந்த ஊர், யாரிடம் கற்றது, எந்தக் காய் கொண்டு ஆடினார்கள் என்பவற்றையும் குறிக்கச் சொல்லலாம். கேட்டதை உடனே ஆடியும் பார்க்கலாம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அந்த நோட்டில் பத்து ஆட்டங்கள் சேர்ந்திருந்தால், அது ஒரு சிறிய வரலாற்று ஆவணம். பாட்டிகளுக்கும் அவர்களோடு அமர்ந்து ஆட ஓர் ஆயம் கிடைத்திருக்கும்.